சிவப்புக் கோடுகள்

பெய்-யுன் கடலை மிட்டாய்ப் பொட்டலங்களில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். முதுகில் கட்டியிருந்த குழந்தை அவள் முடியைப் பிடித்து இழுத்தது.

மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. பார்கோடு கோடுகளும் சிவப்பு. எல்லாம் மாமியாரின் தேர்வு.

"புத்தாண்டுப் பண்டத்துல யாராவது கறுப்புக் கோடு போடுவாங்களா? துக்க வீட்டுக் காகிதம் மாதிரி" என்று அச்சகத்திலேயே சொல்லி, ஆயிரம் லேபிள் அடித்து வாங்கி வந்துவிட்டாள்.

"இன்னைக்கும் அந்த லியென்-சூ மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தாளா?" என்றாள் மாமியார்.

லியென்-சூ, அவர்கள் மிட்டாய் விற்கும் விவசாயச் சங்கக் கடையில் பில் போடுபவள்.

"ஆமா அத்தை. மத்தவங்க பொருளை அப்படியே ஸ்கேனர்ல காட்டுறாங்க. நம்ம மிட்டாய் வந்தா மட்டும் ஸ்கேனரைத் தூக்கிக்கிட்டு மேசைக்கு அடியில குனியறாங்க. நிமிரும்போது ஒரே முகச்சுளிப்பு."

"வயித்தெரிச்சல். அவ சிரிச்சா கடை இடிஞ்சா விழும்? நீ நறுக்குன்னு கேக்க வேண்டியதுதானே?"

பெய்-யுன் எங்கே கேட்பாள்? புத்தாண்டுக்குள் நன்றாக விற்றால்தான் அடுத்த வருஷமும் கடையில் இடம் தருவார்கள். அந்தப் பயம் வேறு.

மறுநாள் இரண்டு கூடையோடு போனபோது கல்லாவில் லியென்-சூ இல்லை. சாய் என்கிற மேலாளர் நின்றார்.

ஒரு வாடிக்கையாளர் கொடுத்த மிட்டாயை ஸ்கேனரில் காட்டினார். சத்தமில்லை. திருப்பிக் காட்டினார். ஊஹும்.

"கொஞ்சம் சீக்கிரம். வாங்கின மீன் வீட்டுக்குப் போறதுக்குள்ள நாறிடும்" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

மேலாளர் லேபிளைக் கண்ணருகே பிடித்தார்.

"ஏம்மா, சிவப்புல கோடு போடச் சொன்னது யாரு? ஸ்கேனர் வெளிச்சமே சிவப்பு. அதுக்குச் சிவப்புக் கோடு தெரியவே தெரியாது, வெறும் தாள்தான். ஸ்கேன் ஆகாத பொருளை அலமாரித் தட்டுலேருந்து எடுத்துடணும், அது சங்கத்து விதி."

"ஐயா… மூணு வாரமா வித்துக்கிட்டுதானே இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல."

பை எடுக்கக் குனிந்தவர், உடனே நிமிரவில்லை.

மேசையின் அடிப்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவள் மிட்டாயின் அதே எண், கறுப்புக் கோடுகளில். கீழே லியென்-சூவின் கையெழுத்து. மேலாளர் வாய்விட்டே படித்தார்.

"எனக்குப் பதிலா நிக்கிறவங்களுக்கு. கடலை மிட்டாய்க்கு இந்தச் சீட்டை ஸ்கேன் பண்ணுங்க. அந்தப் பொண்ணுகிட்ட எதுவும் சொல்ல வேண்டாம், பயந்துடும். லேபிள் தீரட்டும். அடுத்த தடவை கறுப்புல போடச் சொல்லிக்கறேன்."

பிறகு ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, லியென்-சூவைப் போலவே தானும் மேசைக்கு அடியில் குனிந்தார். மேசைக்கு அடியிலிருந்து 'பீப்' என்று கேட்டது.

"கூடையைத் தட்டுல வைம்மா."

பெய்-யுனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அக்காகிட்ட நன்றி சொல்லணும் ஐயா. எப்ப வருவாங்க?"

"தெரியலம்மா. மூணு வாரமாவே இடுப்பு வலியாம். நேத்து நிமிரவே முடியல. 'என்னக்கா, மூட்டை எதுவும் தூக்கினீங்களா'ன்னு கேட்டேன். 'வயசாகுது தம்பி'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."