வாசலில் விட்ட செருப்பு

மெட்ரோ ரயிலின் கதவு திறந்ததும், இரண்டு வயது மகிழினி தன் சின்னச் செருப்புகளைக் கழற்றி நடைமேடையில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டியின் தரை அவ்வளவு பளபளப்பு. அவள் அப்பா சுயம்பு கவனிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

"புதுச் செருப்புங்க, போச்சே!" என்றாள் அம்மா செல்வக்கனி.

"போனாப் போவுது. யாரும் சொல்லாமலே வாசல்ல கழட்டிட்டு வந்திருக்கா பாத்தியா, எம் பிள்ள!" பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னான் சுயம்பு. எதிரே இருந்தவர் ஷூ போட்ட கால்களை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஊரைச் சுற்றிவிட்டு மாலையில் அதே நிலையத்தில் வந்து இறங்கினார்கள். சின்னச் செருப்புகள் வைத்த இடத்திலேயே இருந்தன. பக்கத்தில் ஒரு ஜோடி பெரிய ஷூ, உள்ளே சுருட்டி வைத்த சாக்ஸோடு.