கொக்கின் முழங்கால்

ஏரிக்கரைக் கொக்குக்கு வலது முழங்கால் வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே நண்டு டாக்டரிடம் போனது. அவர் வளை வாசலைத் தாண்டாமல் எட்டிப் பார்த்தார். கொக்கு நோயாளிகளை அவர் தொட்டுப் பார்ப்பதில்லை.

“ஆபரேஷன்தானே டாக்டர்?” என்றது கொக்கு, கொஞ்சம் பெருமையாக.

“அதெல்லாம் வேண்டாம். நாள் முழுக்க அந்த ஒற்றைக் காலிலேயே நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்? இரண்டு காலையும் ஊன்றி நில்லுங்கள். வலது காலுக்கு ஓய்வு கிடைக்கும், வீக்கம் தானாக வடிந்துவிடும்.”

கொக்கின் முகம் சுருங்கியது. “இரண்டு காலிலா? வாத்து மாதிரியா? எங்கள் ஆட்கள் பார்த்தால் சிரிக்க மாட்டார்களா? அதற்கு ஆபரேஷனே செய்துவிடுங்கள்.”

“சொன்னதைச் செய்யுங்கள்” என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

அடுத்த மாதம் கொக்கு மறுபடியும் வந்தது. வலது முழங்காலில் வீக்கமே இல்லை. சந்தோஷத்தில் டாக்டர் வளையை விட்டே வெளியே வந்துவிட்டார்.

“நீங்கள் சொன்னபடி வலது காலுக்கு முழு ஓய்வு கொடுத்தேன். தரையில் வைக்கவே இல்லை” என்றது கொக்கு. “இப்போது இடது முழங்கால் வீங்கிவிட்டது. இனி எந்தக் காலில் நிற்பது, டாக்டர்?”

கேட்டுவிட்டு டாக்டரின் கால்களையே உற்றுப் பார்த்தது.

டாக்டர் எட்டுக் கால்களையும் வாரிச் சுருட்டிக்கொண்டு வளைக்குள் ஓடினார்.