எட்டுக் குளிசைகள்

வேலியில் ஆள் நுழைகிற கடப்பைத் தாண்டுமுன் சீதேவிப்பிள்ளை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். அறுபத்து நாலு வயதில் இதுதான் முதல் களவு.

சனிக்கிழமை காலை. பக்கத்து வளவு வீட்டில் ஆள் இல்லை. மச்சாள் அன்னப்பூரணி வாவிக்கரைக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். போனால் திரும்பி வர இருபத்தைந்து நிமிடம். மீன்காரனோடு வாய் கொடுத்தால் முப்பது.

சாமித்தட்டில், அம்மன் படத்துக்குக் கீழே மச்சாளின் வெள்ளை மருந்துப் போத்தல் இருந்தது. சீதேவிப்பிள்ளை படத்தை நிமிர்ந்து பார்க்காமல் கையை மட்டும் நீட்டி எடுத்தாள். குளிசைகளை ஒரு கிண்ணத்தில் கொட்டி எண்ணினாள். எட்டு.

மடியில் செருகி வந்த தன் போத்தலைத் திறந்தாள். அதிலும் எட்டு. அதே வெள்ளை, அதே பருமன்.

தன்னுடைய எட்டையும் மச்சாளின் போத்தலில் போட்டாள். மச்சாளின் எட்டையும் தன் போத்தலில் போட்டாள். மூடியை இறுக்கித் திரும்பும்போது கால் வழுக்கப் பார்த்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

களவு பிடிபடும் என்ற பயம் இரண்டாவதுதான். முதல் பயம் எலும்பு.

போன வருடம் அவளுடைய அக்கா கிணற்றடியில் விழுந்தாள். பெரிய விழுகை இல்லை. பலகையில் உட்காருகிற மாதிரித்தான் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துபோனது. நூற்றுப் பதினேழு நாள் கட்டிலில் கிடந்தாள். நூற்றுப் பதினெட்டாம் நாள் பாடை கட்டினார்கள். பக்கத்தில் இருந்து நாளை எண்ணியவள் சீதேவிப்பிள்ளைதான்.

அதற்குப் பிறகுதான் எலும்புத் தேய்வைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் அவர்களின் ஊரான குருக்கள்மடத்துக்கு வந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களை வேனில் ஏற்றிப்போய், ஒரு மேசையில் படுக்க வைத்து, உடம்புக்கு மேலே ஒரு கருவியை ஓடவிட்டு எலும்பின் அடர்த்தியை அளந்தார்கள். அன்னப்பூரணிக்குச் சைபருக்குக் கீழே இரண்டு தசம் ஏழு. சீதேவிப்பிள்ளைக்குச் சைபருக்குக் கீழே மூன்று தசம் இரண்டு.

"கீழ போகப் போக எலும்பு பலமில்ல அம்மா. விழாமப் பாத்துக்கொள்ளுங்க," என்றாள் குறிப்பெழுதிய பிள்ளை தனுஷியா.

பிறகு ஆளுக்கொரு போத்தல் தந்தாள். பன்னிரண்டு குளிசை. ஞாயிறுதோறும் ஒன்று, வெறும் வயிற்றில். விழுங்கினால் அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது.

"சில போத்தல்ல மருந்து இருக்கு. சில போத்தல்ல வெறும் மாக்குளிசை. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாத்தான் மருந்து வேல செய்யுதா எண்டு தெரியும்."

"என்ட போத்தல்ல எது பிள்ள?"

"எனக்கே தெரியாது அம்மா. தெரியவும் கூடாது."

முதல் நாலு ஞாயிறும் இருவரும் அன்னப்பூரணியின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்றாக இருந்துதான் விழுங்கினார்கள். நாலு ஞாயிறும் அன்னப்பூரணிக்கு நெஞ்சு எரிந்தது. சீதேவிப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

"உனக்குத்தான்கா மருந்து கிடைச்சிருக்கு. மருந்தெண்டாத்தான் எரியும். எனக்குத் தந்தது மா," என்றாள் சீதேவிப்பிள்ளை.

"மாவெண்டா என்ன மச்சாள், ரொட்டி சுடுவம்," என்று அன்னப்பூரணி சிரித்தாள்.

சீதேவிப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. அன்னப்பூரணி விழுந்தால் தூக்கிவிட மூன்று மகன்மார் இருக்கிறார்கள். புருஷனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் இருக்கிற தன்னை யார் தூக்குவது? கட்டிலில் கிடந்தால் யார் துணி மாற்றுவது? அந்தக் கேள்விதான் அவளைக் கடப்பைத் தாண்ட வைத்தது.

ஞாயிறு விடிந்தது. வழக்கம்போல இருவரும் குசினியில் இருந்தார்கள்.

"என்ன மச்சாள், முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

"நித்திரை இல்லகா."

"பயப்படாதீங்க. இனி எல்லாம் நல்லா வரும், இருந்து பாருங்க."

சீதேவிப்பிள்ளை கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தாள். இவள் ஏன் இப்படிச் சொல்கிறாள்? தெரிந்துவிட்டதோ?

இருவரும் குளிசையை விழுங்கினார்கள். சீதேவிப்பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சு எரியும் எரியும் என்று காத்திருந்தாள். ஐந்து நிமிடம் போனது. பத்துப் போனது. பதினைந்தாம் நிமிடம் அன்னப்பூரணி கையை நெஞ்சில் வைத்தாள்.

"என்னகா, எரியுதா?"

"ஓம் மச்சாள். வழமையாப் போலதான்."

சீதேவிப்பிள்ளை தன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்ணித்தானே மாற்றினேன்? ஒன்றுகூடத் தவறவில்லையே? அம்மன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளோ?

"உங்களுக்கு எப்பிடி இருக்கு மச்சாள்?" என்று கேட்டாள் அன்னப்பூரணி.

"ஒண்டுமில்ல."

"கொஞ்சமும் எரியல்லையா?"

"கொஞ்சமும் இல்ல. அதுக்கு நீ ஏன்கா அழுறாய்?"

அன்னப்பூரணி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"அந்தத் தனுஷியாப் பிள்ளைக்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. வெள்ளிக்கிழம நீங்க கோயிலுக்குப் போன நேரம், என்ட எட்டுக் குளிசையையும் உங்கட போத்தலுக்க போட்டுட்டு, உங்கடைய நான் எடுத்துக்கொண்டு வந்துட்டன். விழுந்தா என்னத் தூக்க மூணு பொடியனுகள் இருக்கானுகள், உங்களுக்கு ஆரு எண்டு நினைச்சன். பிறகு எப்பிடி மச்சாள் எனக்கு எரியுது?"