இடப்பக்க பிளிப்பர்

"உந்த பின்போல் விளையாட்டு மெசின் திரும்பவும் பழுதோ?"

விடிந்தும் விடியாததுமாக அந்த ஸ்காபரோ டோனட் கடைக்குள் வந்த சீமோன், அலுப்போடு கருவிப்பெட்டியை இறக்கினான்.

"ஓம். இடப்பக்க பிளிப்பர் பந்தை அடிக்குதில்லை," என்றாள் செலீன். இரவு முழுக்கக் கல்லாவில் நின்றதில் அவள் கண்கள் சிவந்து கிடந்தன.

தன்னிடமிருந்த திறப்பால் மெசினின் பூட்டைத் திறந்து பார்த்தான். கம்பிச்சுருளில் பிழையில்லை, வயரிலும் பிழையில்லை. பொத்தானுக்குப் பின்னாலிருந்த சுவிட்ச் தகடுகளுக்கு நடுவே, டோனட் சுற்றும் தாள் மடித்துச் செருகப்பட்டிருந்தது. போன கிழமையும் இதே கதைதான்.

"உள்ளுக்கு ஆர் கை வைக்கிறது?"

"கடையிலை இருக்கிற மற்றத் திறப்பு என்னட்டைத்தான் கிடக்கு."

சீமோன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கோப்பியை நீட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

"சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுட்டுதோ?" என்று கேட்டாள்.

"விட்டுட்டுது. அம்மா எங்கை எண்டு கேட்டவன்."

"நான் வீட்டை வர, நீங்கள் வேலைக்குப் போயிடுறியள். நான் வெளிக்கிட்டாப் பிறகுதான் திரும்பி வாறியள். வேறை எங்கை வைச்சு உங்களோடை கதைக்கிறது?"

அவன் தாளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கோப்பியை ஆறுதலாகக் குடித்து முடித்தான்.

"அடுத்த கிழமை வலப்பக்கத்திலை வையும்," என்றான். "ஒரே பக்கமெண்டா முதலாளிக்கு ஐமிச்சம் வந்திடும்."