வெள்ளிக்கிழமை மகன்

என் தாடி மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை மதியம். சோரியோர் கிழவரின் மனைவி ஒய்தின், கம்பெனி அனுப்பிய பெட்டியைத் திறந்து மின்கம்பியைச் செருகினாள். உள்ளே கிடந்த சாம்பல் நிறப் பொடி எழுந்து, தோளாகி, மூக்காகி, மகன் பெக்மூரோத் ஆகிச் சம்மணமிட்டு உட்கார்ந்தது.

மகன் கொரியாவில் தொழிற்சாலை வேலையில் இருந்தான். அங்கே அவன் தலையைச் சொறிந்தால் இங்கே பொடியும் சொறியும். அங்கே பேசினால் இங்கே பேசும். ஆளை ஊருக்கு அனுப்பாமலே வீட்டுக்கு அனுப்பக் கம்பெனி கண்டுபிடித்த வழி.

கிழவரின் நிம்மதியைக் கெடுத்தவன் பக்கத்து வீட்டுக்காரன் நோர்மத். ஒருநாள் வேலியோரம் நின்று சொன்னான்:

"உம்ம பையன் அங்க மண்ணுக்குள்ள போயிருந்தாலும் கம்பெனிக்காரன் பொடிய ஆட்டிக்கிட்டுத்தான் இருப்பான். உமக்கென்னய்யா தெரியப்போகுது?"

அன்றிலிருந்து சோரியோர் பொடி பேசும் ஒவ்வொரு சொல்லையும் எண்ணத் தொடங்கினார்.

இந்த வெள்ளியும் பொடி சிரித்தது. பனி பெய்ததா, ஆடு குட்டி போட்டதா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி என்று கேட்டது. போன வாரமும் இதே வரிசையில்தான் கேட்டது.

சோரியோர் எழுந்து, சுவரில் தொங்கிய ரொட்டியை இறக்கினார்.

புறப்பட்ட அன்று பெக்மூரோத் ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி அது. போனவன் திரும்பிவந்து வாசல் தாண்டிய பிறகுதான் மிச்சத்தைத் தின்ன வேண்டும். எங்கள் போய்சுன் மலையில் பல் முளைக்காத பிள்ளைக்கும் இது தெரியும்.

"வேணாங்க, பெக்மூரோதோட அப்பா," என்றாள் ஒய்தின். "அது எதுவா இருந்தாலும் உக்காந்துட்டுப் போகட்டும்."

அவர் ரொட்டியை நீட்டினார். "சாப்பிடுடா."

உயிரோடு இருக்கிற மகன் என்றால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வான். முதலில் வீடு வந்து சேர்கிறேன், கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று சத்தம் போடுவான். அந்த ஏச்சுக்காகத்தான் கிழவர் காத்து நின்றார்.

பொடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. கடித்த இடத்திலிருந்தே தொடங்கியது. கல்லாய் இறுகியிருந்த ரொட்டி, ஒரு துணுக்கும் சிந்தாமல் உள்ளே போயிற்று.

"அதான் வந்துட்டேனேப்பா," என்றது.

ஒய்தின் தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். சோரியோர் சுவரில் தனியாக நின்ற ஆணியைப் பார்த்தபடி இருந்தார்.

ஒய்தின் கம்பியைச் செருகினாளே, அந்த வீட்டுக்கு மின்சாரம் வந்ததே அடுத்த வருஷம்தான்.