இரண்டாம் அதிகாரம்

ஷீலா வீட்டில் நன்றி ஜெபம். போன வருடம் பள்ளி வேன் வாய்க்காலில் கவிழ்ந்த அன்று, விடியற்காலையில் கெட்ட சொப்பனம் கண்டதால் அவள் தன் மகனை அனுப்பவில்லை. அந்த வேனில் போன கிருபாவதியின் மகன் ஜெரின் திரும்பி வரவில்லை. பக்கத்து வீடு என்பதால் கிருபாவதியும் கணவன் தேவசகாயமும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

போதகர் வேதாகமத்தில் மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். சொப்பனத்தில் எச்சரிக்கப்பட்ட யோசேப்பு குழந்தையோடு எகிப்துக்குத் தப்பிப் போனான். பெத்லகேமில் மிஞ்சியிருந்த ஆண் குழந்தைகளை ஏரோது ராஜா கொன்றான்.

"மத்த தகப்பன்மாருக்கு ஏன் சொப்பனம் வரல, ஐயா?" என்று கிருபாவதி கேட்டாள்.

தேவசகாயம் அவள் முழங்கையைத் தொட்டான். போதகர் பொறுமையாகச் சொன்னார்: "தீர்க்கதரிசனம் நிறைவேறணும்லா அம்மா. பிள்ளைகளுக்காக அழுற சத்தம் கேக்கும்னு முன்னாலயே எழுதியிருக்கு."

"எழுதியிருந்தா முன்னாலயே தெரியும்லா? சரி, யோசேப்பாவது கெளம்புறதுக்கு முன்னால பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

ஷீலா தலை குனிந்துகொண்டாள்.

"நாம மூணாம் அதிகாரத்துக்குப் போவோம்" என்றார் போதகர். எல்லாரும் பக்கத்தைத் திருப்பினார்கள். கிருபாவதி மட்டும் தன் வேதாகமத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க, ஐயா. இங்க இன்னும் யாரும் அழுது முடிக்கல."

மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து வைத்திருந்த தேவசகாயம் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு பக்கம் பின்னால் திருப்பினான்.