பாதிப் பேச்சில் எழுந்து போகிறவர்

"உங்ககிட்டதான் பேசிட்டிருக்கேன்! எங்க கிளம்பறீங்க?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் கணவன் செருப்பை மாட்டியாகிவிட்டது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகளின் டீச்சரைப் பார்க்கப் போகவேண்டிய நாளை மூன்றாவது தடவையாக மறந்திருக்கிறான். ஊரில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் சிக்கும் என்பது லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு அத்துப்படி. மகள் எந்த வகுப்பு என்றால் மட்டும் விட்டத்தைப் பார்ப்பான்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரு சண்டைகூட உருப்படியாக நடந்ததில்லை. இவள் குரல் ஏறும். அவன் முகம் சிவக்கும். எழுந்து போய்விடுவான். அரைமணி கழித்து வந்து, "சரி, இப்ப சொல்லு" என்பான்.

இப்ப என்னத்தைச் சொல்வது? அதற்குள் பாதி மறந்து, மீதி ஆறிப்போயிருக்கும்!

இன்றைக்கு விடுவதாக இல்லை. பின்னாலேயே போனாள்.

தெருமுனை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, தரையையே பார்த்தபடி.

"ஹாயா காத்து வாங்கறீங்களோ?"

"பத்து நிமிஷம் குடு. வந்துடறேன்."

"முடியாது. இங்கயே பேசுங்க."

"தயவுசெஞ்சு வீட்டுக்குப் போ."

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்மணிதான் இவளை ஏற இறங்கப் பார்த்தாள். மானம் போயிற்று. விடுவிடுவென்று திரும்பி வந்தாள்.

வீட்டில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வசமாக மாட்டினாள்.

"என்ன லட்சணத்துல பிள்ளை வளர்த்திருக்கீங்க அத்தை? பொண்டாட்டி கேக்கற கேள்விக்கு நின்னு பதில் சொல்லத் துப்பில்ல. கோபம் வந்தா உடனே வெளியே ஓட்டம்!"

மாமியார் மடித்த துணியை அடுக்கினாள்.

"வேற ஒண்ணுமில்லம்மா. கோபம் வந்தா அவனுக்கு முதல்ல கைதான் நடுங்கும். நடுங்க ஆரம்பிச்சா வாசலைத் தாண்டிடணும்னு பதினாலு வயசுலயே அவனா முடிவு பண்ணினது."

"அடடா, என்ன அருமையான முடிவு! யார்கிட்ட கத்துக்கிட்டாராம்? மாமாவும் இப்படித்தான் பாதிப் பேச்சுல எழுந்து ஓடுவாரோ?"

போட்டோவில் மட்டுமே பார்த்த மாமனாரை வம்புக்கு இழுத்துவிட்டோமே என்று, சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மாமியார் கோபப்படவில்லை. இடது கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"இது மாடிப்படியில விழுந்து உடைஞ்சதுன்னுதானே உங்கிட்ட சொல்லியிருக்கேன்?"

மருமகள் அந்தக் கையையே பார்த்தாள்.

"அவங்கப்பா ஒருநாளும் எழுந்து போனதில்லம்மா. தாழ்ப்பாளைப் போட்டுட்டு, உள்ளதான் இருப்பார்."